பேர் கேம்ப் சாலை, நவம்பர் 2006: பனிக்காட்டுப் பயணம் திட்டமிடுபவர்களுக்கு ஒரு நிகழ்வு ஆய்வு

குளிர்கால விடுமுறைக்குப் பனிக்காட்டுக்குள் வண்டியை விட்டு, ரெண்டு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால், பேச்சு நேரே டயருக்கும், மாட்டிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்சுக்கும் போய்விடும். எந்த வண்டி, எத்தனை அங்குலம் உயர்த்தியது, கூரை டென்ட்டா தரை டென்ட்டா என்று மணிக்கணக்கில் ஓடும். நான் முதலில் கேட்பது வேறு கேள்வி. எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன நடந்தால் வண்டியைத் திருப்பப் போகிறீர்கள்? அதற்குப் பதில் இல்லாத திட்டத்தை நான் திட்டமாக எடுத்துக்கொள்வதில்லை.

இதை வெறும் அறிவுரையாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. அதனால் ஒரு நிகழ்வை முழுசாக எடுத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2006-ல் நடந்தது. அதில் மாட்டியவர்கள் கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டிப் பார்க்கும் ஆஃப்ரோடிங் போனவர்கள் இல்லை, குடும்பத்தோடு விடுமுறை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். ஆனால் அந்த ஒரு வாரத்தில் பனிக்காட்டுச் சாலையில் என்னென்ன தவறிப் போகலாமோ அத்தனையும் வரிசையாக நடந்தது, எல்லாமே பதிவாகியும் இருக்கிறது. பே ஏரியாவிலும் சியாட்டிலிலும் இருக்கும் நம் ஆட்கள் நன்றி நவிலல் விடுமுறைக்கு ஓட்டும் அதே ஐ-5 நெடுஞ்சாலையில்தான் இது தொடங்கியது.

நடந்தது என்ன

ஜேம்ஸ் கிம் சான் பிரான்சிஸ்கோவில் சீநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் மூத்த ஆசிரியர், 35 வயது. மனைவி கேட்டி. இரண்டு பெண் குழந்தைகள், ஒன்றுக்கு நான்கு வயது, இன்னொன்று ஏழு மாதக் கைக்குழந்தை. சியாட்டிலில் விடுமுறையைக் கழித்துவிட்டு, நவம்பர் 25 சனிக்கிழமை போர்ட்லாந்திலிருந்து தெற்கே கிளம்பினார்கள். அன்றிரவு ஓரிகன் கடற்கரையில், கோல்ட் பீச் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்குவதாகத் திட்டம். வண்டி சாப் 9-2எக்ஸ். பெயர்தான் சாப், உள்ளே சுபாரு இம்ப்ரெசா, நாலு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ்.

ரோஸ்பர்க்கில் இரவுச் சாப்பாடு. அதற்கடுத்துக் கடற்கரைக்குத் திரும்ப வேண்டிய 42-ஆம் எண் சாலையை விட்டுவிட்டார்கள். விட்ட இடத்துக்குத் திரும்பிப் போகாமல், வரைபடத்தைப் பார்த்து, இன்னும் தெற்கே போய் மெர்லின், கலீஸ் வழியாக மலையைக் கடக்கும் பேர் கேம்ப் சாலையில் ஏறினார்கள். ஜிபிஎஸ் ஏமாற்றிவிட்டது என்று இந்தக் கதையைப் பலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. அவர்கள் பார்த்தது காகித வரைபடம். காகிதத்தில் அந்தச் சாலை ஐ-5-ஐயும் கடற்கரையையும் இணைக்கும் அழகான குறுக்குவழியாகத்தான் தெரியும். கோடையில் அது உண்மையும்கூட, ரோக் ஆற்றில் படகு விடுகிறவர்கள் வண்டியை அந்த வழியாகத்தான் மறுபக்கம் கொண்டுபோவார்கள். குளிர்காலத்தில் அது நாலாயிரம் அடிக்கு மேல் ஏறி இறங்கும், யாரும் பனி அள்ளாத, ஒரு வண்டி மட்டுமே போகிற அகலமுள்ள சாலை. பனி வழியை மறிக்கலாம் என்ற எச்சரிக்கைப் பலகைகள் அப்போதே இருந்தன.

மேலே ஏற ஏறப் பனி கனத்தது. ஒரு கட்டத்தில் இனி முடியாது என்று முடிவு செய்து, திரும்ப இடமில்லாத அந்தச் சாலையில் வண்டியைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டு வந்தார்கள். கிளைச்சாலை பிரியும் இடம் வந்தது. அங்கே பனி குறைவாக, கீழ்நோக்கி இறங்குகிற ஒரு பாதை தெரிந்தது. அதில் இறங்கினார்கள். அது நில மேலாண்மைத் துறையின் 34-8-36 என்ற எண் கொண்ட மரம் வெட்டும் சாலை, எந்த ஊருக்கும் போய்ச் சேராதது. குளிர்காலத்தில் அதன் வாசலில் இரும்புக் கதவைப் பூட்டிவைப்பது வழக்கம். அந்த ஆண்டு பூட்டவில்லை. யாரோ பூட்டை வெட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள். உள்ளே வேட்டைக்காரர்கள் யாராவது மாட்டிக்கொள்ளக்கூடாது என்று ஊழியர்களே திறந்து விட்டிருந்தார்கள் என்பது அப்புறம் தெரிந்தது.

அதிகாலை இரண்டு மணி வாக்கில், பெட்ரோல் தீர்ந்துவிடும் என்ற பயத்திலும் களைப்பிலும் வண்டியை நிறுத்தினார்கள். காலையில் சுற்றிலும் பனி. செல்போன் சிக்னல் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அங்கேயே. என்ஜினை ஓட்டிச் சூடேற்றினார்கள், பெட்ரோல் குறைந்ததும் கிடைத்ததையெல்லாம் எரித்தார்கள், கடைசியில் டயர்களையும். கைவசம் இருந்த கொஞ்சம் பிஸ்கட், குழந்தை உணவு, காட்டுப் பழம், உருக்கிய பனி. கேட்டி இரண்டு குழந்தைகளுக்கும் தாய்ப்பால் கொடுத்தார். டிசம்பர் 2 காலையில் ஜேம்ஸ் உதவி தேடிக் கிளம்பினார். கலீஸ் நான்கு மைல்தான் என்பது வரைபடத்தை வைத்து அவர் போட்ட கணக்கு. மதியத்துக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். காலில் சாதாரண ஷூ. வந்த சாலையிலேயே வெகுதூரம் நடந்துவிட்டு, பிறகு சாலையை விட்டு பிக் விண்டி ஓடையின் பள்ளத்தாக்கில் இறங்கினார். டிசம்பர் 4-ஆம் தேதி, அந்தப் பகுதியை நன்றாக அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் தன் சொந்த ஹெலிகாப்டரில் தேடியபோது, குடையை ஆட்டிக்கொண்டிருந்த கேட்டியைக் கண்டார். தாயும் குழந்தைகளும் பிழைத்தார்கள். ஜேம்ஸின் உடல் டிசம்பர் 6-ஆம் தேதி ஓடையில் கிடைத்தது. சுமார் 16 மைல், அதாவது 26 கிலோமீட்டர் நடந்திருந்தார். காரணம் குளிரில் உடல் வெப்பம் இழந்தது.

அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒரு வாரப் பட்டினியில், சாதாரண ஷூவோடு, குடும்பத்துக்காக அவ்வளவு தூரம் நடப்பது சாதாரண மனசால் ஆகிற காரியமில்லை. கீழே எழுதியிருப்பது அவரைக் குறை சொல்ல இல்லை. அடுத்த குடும்பம் எந்த முனையில் வேறு முடிவு எடுக்கலாம் என்று பார்க்கத்தான்.

திரும்பினார்கள், ஆனால் வந்த தடத்தில் இல்லை

இந்த நிகழ்வைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் விரலை வைக்கிறார்கள். ஒன்று, ஏன் அந்தச் சாலையில் ஏறினார்கள். இன்னொன்று, ஏன் வண்டியை விட்டுப் போனார். எனக்கு இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் முக்கியம். பனியைப் பார்த்துவிட்டு ‘போதும், திரும்பலாம்’ என்று சரியான முடிவை எடுத்து, அதைச் செயல்படுத்தவும் ஆரம்பித்து, பின்னோக்கி வந்து, கிளை பிரியும் இடத்தில் புதுப் பாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்த அந்த நேரம்.

பனியில் நாம் வந்த தடம் என்பது ஏற்கெனவே சோதித்துப் பார்த்த சாலை. நம் வண்டி அதில் ஏறியிருக்கிறது, அழுத்தியிருக்கிறது, எங்கே பள்ளம் எங்கே வளைவு என்று தெரியும். பக்கத்தில் பிரியும் பாதையில் பனி குறைவாக இருப்பதற்குக் காரணம் அது தாழ்வான இடம் என்பதாக இருக்கலாம், அவ்வளவுதான். அது ஊருக்குப் போகிறது என்பதற்கு அது சான்றாகாது. ஆனால் நடுராத்திரியில், பின்சீட்டில் குழந்தைகள் தூங்கும்போது, கண்ணுக்கு முன்னால் பனி இல்லாமல் கறுப்பாகத் தரை தெரிகிற பாதை நம்மை இழுக்கும். யாராக இருந்தாலும் இழுக்கும். அதனால்தான் இந்த முடிவை அந்த இடத்தில் எடுக்க விடக்கூடாது, வீட்டில் மேசை முன்னால் உட்கார்ந்தே எடுத்து எழுதிவைத்துவிட வேண்டும்: திரும்புவதாக இருந்தால் வந்த தடத்திலேயே திரும்புவோம், தார்ச்சாலை வரும்வரை எந்தக் கிளையிலும் நுழைய மாட்டோம்.

இன்னொன்று, அந்தக் கிளைச்சாலை கீழே இறங்கியது. பனியில் இறக்கம் ரொம்ப ஆபத்தான ஏமாற்று. இறங்கும்போது புவியீர்ப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும், அரை அடிப் பனி ஒன்றுமில்லாததுபோல இருக்கும். அதே சரிவில் திரும்பி ஏறும்போதுதான் வண்டியின் எடை முழுக்கப் பின்னால் இழுக்கிறது என்று தெரியும். ராத்திரியில் இன்னும் நாலு அங்குலம் விழுந்துவிட்டால் முடிந்தது கதை. இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி எளிமையானது. பனி மூடிய இறக்கத்தில் ஒரு இருபது முப்பது மீட்டர் இறங்கியதும் நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு மேலே ஏற்றிப் பார்ப்பேன். சக்கரம் சுழலாமல் ஏறினால் மேற்கொண்டு போகலாம். திணறினால் அதோடு சரி, அந்த இறக்கம் நமக்கானது இல்லை. முப்பது மீட்டரில் மாட்டினால் மண்வாரியால் அரை மணி நேர வேலை. மூன்று கிலோமீட்டர் உள்ளே மாட்டினால் ராத்திரி முழுக்க அங்கேதான்.

எவ்வளவு பனி என்றால் திரும்ப வேண்டும் என்று அங்குலக் கணக்கில் சொல்ல முடியாது, பனியின் ஈரத்தையும் வண்டியின் உயரத்தையும் பொறுத்தது. கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. முன் பம்பர் பனியைத் தள்ளத் தொடங்கிவிட்டால் வண்டி உழுதுகொண்டு போகிறது என்று பொருள். அதற்கு மேல் போனால் அடிவயிறு பனியில் உட்கார்ந்துவிடும், நாலு சக்கரமும் சும்மா சுழலும். ஃபோர் வீல் டிரைவ் இருந்தாலும் டயர் தரையைத் தொடாவிட்டால் என்ன செய்யும்? அந்த மாதிரி வண்டிகள் செய்கிற கெடுதலே, சாதாரணக் கார் மாட்டுகிற இடத்தைத் தாண்டி இன்னும் ஐந்து கிலோமீட்டர் உள்ளே கொண்டுபோய் மாட்டவைப்பதுதான்.

நேரக்கெடுவும் அப்படித்தான். தெற்கு ஓரிகனில் நவம்பர் கடைசியில் மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மதியம் ஒரு மணிக்கு எங்கே இருக்கிறோமோ அங்கிருந்து திரும்புவது அல்லது அங்கேயே முகாம் போடுவது என்று வைத்துக்கொண்டால், மாட்டினாலும் தோண்டி எடுக்க நாலு மணி நேர வெளிச்சம் மிச்சம் இருக்கும். எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்கினாலும் அதேதான். இந்த எல்லைகளில் ஒன்று தட்டுப்பட்டாலும் வண்டி திரும்ப வேண்டும், ஓட்டெடுப்பெல்லாம் கிடையாது. கூட வருகிறவர்களிடம் இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானேடா மச்சான்’ என்று ஒருத்தன் ஆரம்பிப்பான்.

அதே சாலை, அதற்கு முன்பும்

பேர் கேம்ப் பகுதியில் இது முதல் முறை இல்லை. 1994 நவம்பரில் ஒருவர் தன் பிக்கப் வண்டியோடு அங்கே பனியில் மாட்டினார். வண்டியிலேயே உட்கார்ந்து, கடிதங்கள் எழுதிவைத்துவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து பட்டினியில் இறந்தார். 1995 மே மாதம்தான் கண்டுபிடிக்கப்பட்டார். 2006 மார்ச்சில், கிம் குடும்பம் மாட்டுவதற்கு எட்டு மாதம் முன்பு, ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம், உள்ளேயே தங்கிச் சமைக்க வசதியுள்ள வீட்டு வண்டியோடு (ஆர்.வி.) அதே பகுதியில் 17 நாள் சிக்கியிருந்து உயிரோடு மீண்டது. வண்டியில் உணவும் காஸும் இருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ‘வண்டியை விட்டுப் போகாதே’ என்ற ஒற்றை விதியால் மட்டும் காரியம் ஆகாது என்பது தெரியும். 1994-ல் மாட்டியவர் போகவில்லை, இறந்தார். ஜேம்ஸ் போனார், இறந்தார். இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுதான்: அவர்கள் எந்தச் சாலையில் இருக்கிறார்கள் என்று வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் காத்திருப்பதற்கு ஒரு கணக்கு இருக்கும், நாளைக்கோ மறுநாளோ வருவார்கள் என்று. யாருக்கும் தெரியாதபோது காத்திருப்பது வெறும் நம்பிக்கை, ஏழாவது நாளில் எந்தத் தகப்பனாலும் அதைத் தாங்க முடியாது.

இதற்கு நேர் எதிரான நிகழ்வு ஒன்று 2013 டிசம்பரில் நெவாடாவில் நடந்தது. பனியில் விளையாடலாம் என்று ஜீப்பில் போன இரண்டு பெரியவர்கள், நாலு குழந்தைகள். செவன் ட்ரஃப்ஸ் மலைப்பகுதியில் ஜீப் கவிழ்ந்துவிட்டது. குளிர் மைனஸ் இருபது செல்சியஸுக்கும் கீழே. கவிழ்ந்த ஜீப்பையே குடிசையாக்கி, வெளியே தீ மூட்டி, கற்களைச் சூடாக்கி உள்ளே கொண்டுவந்து வைத்து, இரண்டு ராத்திரியை ஓட்டினார்கள். ஆறு பேருமே நல்லபடியாகக் கிடைத்தார்கள். அவர்கள் வீடு திரும்பாத அன்றைக்கே ஊரில் தேட ஆரம்பித்துவிட்டார்கள். கிம் குடும்பம் காணவில்லை என்று காவல்துறைக்குத் தகவல் போவதற்கே நாலைந்து நாள் ஆயிற்று. ஆளைத் தேடிச் சரியான இடத்தைச் சுட்டியதுகூட அந்தப் பகுதிச் செல்போன் நிறுவனத்தின் பொறியாளர்கள் இருவர் தாமாக முன்வந்து, நவம்பர் 26 அதிகாலை க்ளென்டேல் பக்கத்துக் கோபுரம் ஒன்றோடு அந்த போன் ஒரு கணம் பேசியிருந்ததைத் தோண்டி எடுத்ததால்தான். குறுஞ்செய்தி வந்து சேர்ந்த சிறு துடிப்பு, அவ்வளவே.

அப்படியானால் டிசம்பர் பயணத்தை எப்படித் திட்டமிடுவது

சாலையிலிருந்து ஆரம்பியுங்கள். அமெரிக்கக் காடுகளில் வனத்துறை ஒவ்வொரு காட்டுக்கும் எந்தச் சாலையில் எந்த வண்டி எந்த மாதம் போகலாம் என்று வரைபடம் இலவசமாகத் தருகிறது. மாநில நெடுஞ்சாலைத் துறையின் தளத்தில் ‘திறந்திருக்கிறது’ என்று பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அது நெடுஞ்சாலைகளுக்கானது, காட்டுச் சாலைக்குப் பொருந்தாது. காட்டு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, ‘இந்த எண் சாலையில் எவ்வளவு தூரம் வரை பனி அள்ளுகிறீர்கள், கதவு எங்கே பூட்டியிருக்கும்’ என்று கேளுங்கள். கேட்டால் சொல்லுவார்கள். பூட்டாத கதவை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்த நிகழ்வில் அந்தக் கதவு திறந்திருந்ததே வினையாயிற்று. ஓரிகனில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை பனி அள்ளிய ஸ்நோ-பார்க் நிறுத்துமிடங்களில் வண்டி நிறுத்தத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும், அதையும் வாங்கிவிடுங்கள்.

முதல் ராத்திரிக்கான முகாமைப் பனி அள்ளும் சாலையிலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் வைப்பது என் வழக்கம். குளிரில் யாருக்கு எப்படி இருக்கிறது, எந்தக் கருவி வேலை செய்கிறது, எது சொதப்புகிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை செல்சியஸ் குறையும் என்பதால் ஊரில் மழை பெய்தால் மேலே பனி விழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வண்டியாகப் போகாமல் இரண்டு வண்டியாகப் போவது எந்த வின்சையும்விட மேல். இரண்டாவது வண்டி கொஞ்சம் பின்தங்கி வர வேண்டும், ஒட்டிக்கொண்டு வந்தால் இரண்டும் ஒரே குழியில் இறங்கும்.

பொருள்களைப் பற்றி நீட்டி எழுத எனக்கு ஆசையில்லை, அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நீளக் கைப்பிடி வைத்த மண்வாரி, சக்கரத்துக்கு அடியில் செருகும் பலகை இரண்டு, டயர் சங்கிலி, இழுகயிறு, கம்பிரசர். சங்கிலியை எந்தச் சக்கரத்தில் மாட்ட வேண்டும் என்று வண்டிக் கையேட்டில் பார்த்து, வீட்டு வாசலில் கையுறை போட்டுக்கொண்டே ஒருதடவை மாட்டிப் பாருங்கள். பனிக்குள் முட்டி போட்டுக்கொண்டு கற்றுக்கொள்கிற வேலை இல்லை அது. இளகிய பனியில் டயர் காற்றைக் குறைத்தால் பிடிப்பு நன்றாகக் கூடும், ஆனால் தார்ச்சாலைக்கு வந்ததும் திரும்ப நிரப்பக் கம்பிரசர் வேண்டும்.

எரிபொருள் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சிறிய பெட்ரோல் என்ஜின் நின்ற இடத்தில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டருக்குள் குடிக்கும். மணிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் ஓட்டினால் பதினாலு மணி நேர ராத்திரிக்கு இரண்டரை, மூன்று லிட்டரில் சமாளிக்கலாம். பாதி டேங்க் இருந்தால் அதுவே ஒரு வாரத்துக்கு மேல் வரும். பாதிக்குக் கீழே இறங்கினால் திரும்பு என்று நான் சொல்வது இந்தக் கணக்கில்தான், ஊர் போய்ச் சேர்வதற்காக மட்டும் இல்லை. பனியில் லோ கியரில் உழும்போது தார்ச்சாலை மைலேஜை நம்பவே கூடாது, இரண்டு மடங்கு போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் என்ஜினை ஓட்டும் முன் இறங்கிப்போய்ப் புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் பனியை அள்ளிவிட்டு வர வேண்டும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலையில் பனி பார்க்கப் போன சுற்றுலாப் பயணிகள் ஒரே ராத்திரியில் இருபது பேருக்கு மேல் கார்களுக்குள்ளேயே இறந்தார்கள். பெரும்பனியில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கியவர்கள் எழவில்லை. குளிரோடு கார்பன் மோனாக்சைடும் சேர்ந்துகொண்டது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஒரு கண்ணாடியைக் காற்று வராத பக்கமாக விரலளவு இறக்கி வையுங்கள், பேட்டரியில் ஓடும் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டென்ட்டுக்குள் அடுப்பு வைப்பதும் இதே கதைதான். எவ்வளவு குளிர்ந்தாலும் வேண்டாம்.

அடுப்பு என்றதும் இன்னொன்று. சாதாரண பியூட்டேன் டப்பா பூஜ்யம் செல்சியஸுக்குப் பக்கத்திலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். டப்பாவில் திரவம் குலுங்கும், அடுப்பு மட்டும் எரியாது. ஐசோபியூட்டேன் மைனஸ் பன்னிரண்டு வரை தாங்கும், புரோப்பேன் இன்னும் ரொம்பக் கீழே வரை. கடுங்குளிருக்குப் போகிறீர்கள் என்றால் பம்ப் அடிக்கும் திரவ எரிபொருள் அடுப்புதான் நம்பகமானது. பனியை உருக்கும்போது பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள், வெறும் பனியைக் கொட்டினால் அடி தீய்ந்து தண்ணீரில் கருகல் வாசனை வரும். பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். உறைவது மேலிருந்துதான் தொடங்கும், மூடி அடியில் இருந்தால் காலையில் திறக்க வரும்.

படுக்கையில் பலர் செய்வது விலை உயர்ந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டு அடியில் மெல்லிய பாயோடு படுப்பது. பையின் அடிப்பக்கத்துப் பஞ்சு நம் எடையில் நசுங்கிவிடும், தரையிலிருந்து வரும் குளிரை அது தடுக்காது. தடுப்பது பாய்தான். மூடிய துளைகள் உள்ள ஃபோம் பாய் ஒன்று, அதன் மேல் காற்று மெத்தை ஒன்று என்று இரண்டு அடுக்கு போடுங்கள். டென்ட் போடும் முன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். ஃபிர் மரக் கிளைகளில் சுமையாகப் பனி உட்கார்ந்திருந்தால் அதற்கு அடியில் இடம் பிடிக்காதீர்கள், வெயில் பட்டதும் மொத்தமாக விழும், சில நேரம் கிளையோடு. வண்டியை வெளியேறும் திசையைப் பார்த்து நிறுத்துங்கள். ஈரமான சக்கரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டால் ராத்திரியில் உறைந்து பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.

ஆட்கள் கடைசியில் பதறிப்போய் நடக்கக் கிளம்புவது குளிரைவிட ஒரு செய்தியும் இல்லாத நிலையால்தான் என்று நான் நம்புகிறேன். அதனால் செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்றுக்குச் செலவழிப்பதில் கணக்குப் பார்க்காதீர்கள். 2022 நவம்பரிலிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐபோன் 14-லிருந்தே செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்க முடிகிறது. ஆனால் மரக்கிளைகளுக்கு அடியில் நின்றால் எடுக்காது, வானம் தெரியும் இடத்துக்கு வர வேண்டும். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், உள்சட்டைப் பையில் உடம்போடு வைத்திருங்கள். ஹிமாச்சல், உத்தராகண்ட் பக்கம் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, இந்தியாவில் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் போன் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும்போது பையில் போட்டுக்கொண்டு வந்து விமான நிலையத்தில் மாட்டியவர்கள் உண்டு.

கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டில் இருக்கும் ஒருத்தரிடம் ஒரு தாள் இருக்க வேண்டும். வாட்சாப்பில் ‘ஓரிகன் போறோம், திங்கட்கிழமை வந்துடுவோம்’ என்று போட்டுவிட்டுப் போவதற்குப் பேர் தகவல் இல்லை. தாளில் வண்டியின் நிறம், எண், உள்ளே எத்தனை பேர், எந்தச் சாலை எண், எந்த முனையில் ஏறுகிறோம், எந்த முனையில் இறங்குகிறோம், ராத்திரி எங்கே, மாற்று வழி இருந்தால் அதுவும். மாற்று வழியே இல்லையென்றால் ‘வேறு எந்தப் பாதையிலும் நுழைய மாட்டோம், திரும்பினால் வந்த வழிதான்’ என்ற வரி. அந்த வரி இருந்தால் தேடுகிறவர்கள் பார்க்க வேண்டியது ஒரே ஒரு சாலை. இல்லாவிட்டால் ஒரு மலைத்தொடர் முழுக்க.

அதைவிட முக்கியம், எத்தனை மணிக்கு எங்கள் குரல் வராவிட்டால் நீங்கள் போன் போட வேண்டும் என்பது. ‘கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு’ என்று விட்டால் வீட்டில் இருப்பவர் தயங்குவார், வீணாகப் பதறிவிட்டோமோ என்று நினைப்பார், ஒரு ராத்திரி போய்விடும். ஞாயிறு மாலை ஏழு மணி என்றால் ஏழு மணி. அக்காவோ நண்பரோ, தயங்காமல் போன் எடுக்கக்கூடிய ஒருத்தராகப் பார்த்துக் கொடுங்கள்.

யாருக்குப் போட வேண்டும் என்பதையும் தாளிலேயே எழுதுங்கள். ஓரிகனில் தேடி மீட்கும் பொறுப்பு அந்தந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) காவல் தலைவரான ஷெரிஃபுடையது. பேர் கேம்ப் சாலை ஜோசஃபைன் கவுண்டியில் தொடங்கி கர்ரி கவுண்டியில் போய் இறங்குகிறது. 2006-ல் குடும்பம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாததால் பல கவுண்டிகளும் மாநிலக் காவல்துறையும் தனித்தனியாகத் தேடின, அவர்களுக்கிடையே ஒருங்கிணைப்பு சரியில்லை என்று அடுத்த ஜனவரியில் ஷெரிஃபுகள் சங்கத்தின் ஆய்வே சொல்லியது. ஆகவே நீங்கள் போகும் சாலை எந்தெந்தக் கவுண்டியில் ஓடுகிறது என்று பார்த்து, ஒவ்வொரு ஷெரிஃப் அலுவலகத்தின் எண்ணையும் தாளின் மேலேயே பெரிய எழுத்தில் குறித்துக் கொடுங்கள்.